ஜீப்பின் குரலுக்கு வந்த மந்தை

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றைக்குச் சாயங்காலமே பாக்கீஸ் மேய்ச்சல் காட்டுக்குக் கிளம்பிவிட்டார். தங்கை பொனாரியா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"கழுத்துல தையல் பிரிச்ச ஈரம்கூட காயலண்ணே. ஆடு எங்கயும் ஓடிடாது. நாளைக்குப் போயேன்."

அவர் அவளை மெல்ல ஒதுக்கிவிட்டு ஜீப்பில் ஏறினார். பதில் சொல்ல அவரிடம் குரல் இல்லை. தொண்டையில் வந்த கட்டியோடு குரல்பெட்டியையும் சேர்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். மூச்சு இப்போது கழுத்தில் போட்ட துளை வழியாகப் போய்வந்தது. உதடு அசையும், சத்தம் வராது. அந்த அசைவைப் படிக்கப் பொனாரியா ஆஸ்பத்திரியிலேயே பழகிக்கொண்டிருந்தாள். அவளைத் தவிர வேறு யாருக்கும் அது புரியாது.

தக்கை மரங்கள் நிறைந்த அந்தச் சரிவைச் சுற்றி மண் வைக்காமல் அடுக்கிய கல்சுவர் ஓடியது. பாக்கீஸ் சுவர்மேல் ஏறி நின்று, பிள்ளைப் பருவத்திலிருந்து எப்படிக் கூப்பிடுவாரோ அப்படியே வாயைத் திறந்தார். கீழே மேய்ந்துகொண்டிருந்த செம்மறிகளில் ஒன்றுகூட நிமிரவில்லை. விசிலடிக்க முயன்றார். உதட்டுக்குக் காற்று வந்தால்தானே விசில் வரும்? மறுபடி வாயைத் திறந்தார். பொனாரியா அந்தப் பக்கம் பார்க்காமல், சுவரில் சரிந்திருந்த ஒரு கல்லைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

அவர் திரும்பி வந்து ஜீப்பில் உட்கார்ந்து ஸ்டீரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்தார். ஹாரன் அலறியது. சளி பிடித்த கிழவன் கத்துவதுபோன்ற கரகரப்பு அதில் உண்டு. வேண்டுமென்று அவர் அழுத்தவில்லை, தலையின் கனம்தான். ஆனால் கீழே மணிகள் குலுங்கின. முன்னால் நடக்கும் பெரிய ஆடு மூரினா தலையைத் தூக்கி, ஜீப்பைப் பார்த்து, நடக்கத் தொடங்கியது. அதன் பின்னால் மந்தை முழுவதும் சரிவில் ஏறி வந்தது.

குளிர்காலத்தில் வைக்கோல் ஏற்றி வருவது அந்த ஜீப்தான். ஆக, ஆடுகள் வைக்கோலை நினைத்து வந்திருக்க வேண்டும். பொனாரியாவுக்கு அது தெரியும், பாக்கீஸுக்கும் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு வந்த வருஷங்களில் வைக்கோல் இல்லாத நாட்களிலும் அவை வந்தன. ஓட்டை சைலன்சரின் படபடப்பு மேட்டில் கேட்டாலே போதும், தலைகள் நிமிரும். ஹாரன் மூன்று தட்டு தட்டினால் கிளம்பிவிடும். ஒரு பிராணி முதலில் எதற்காக நம்மிடம் வந்தது என்பது, அது பின்னாளில் ஏன் வருகிறது என்பதற்கு விடை ஆகாது. மனிதர்கள் விஷயத்தில் நாம் இதை எளிதாக ஒப்புக்கொள்கிறோம்.

ஊர் மதுக்கடையில் இதை வைத்து ஒரு கேலி கிளம்பியது. பக்கத்து மேய்ச்சல்காரன் சிரோமினுதான் ஆரம்பித்து வைத்தான்.

"டாக்டருங்க பாக்கீஸ் தொண்டைய எடுத்து வீணாக்கலடா. ஜீப்புக்கு வெச்சுத் தெச்சுட்டானுங்க. வேணும்னா நாளைக்கு ஹாரனைக் கேட்டுப் பாருங்க, அதே கெட்ட வார்த்தை வரும்."

பாக்கீஸ் தோள் குலுங்கச் சிரித்தார். அந்தக் கேலி அவருக்குப் பிடித்திருந்தது.

அண்ணன் தங்கை இருவருமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சார்டினியத் தீவின் அந்த மலைப்பக்கத்தில் அது அதிசயமும் இல்லை. வீடு ஒன்று, பட்டி ஒன்று, மந்தை ஒன்று. பாக்கீஸ் அறுபதைத் தாண்டியிருந்தார், பொனாரியா அதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கென்று தனியாக ஆசைகள் இருந்த காலம் போய்விட்டது. ஒன்றே ஒன்று மிச்சமிருந்தது. அண்ணன் கண்மூடும்வரை மந்தை அவர் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை, ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தபோதே அவள் பார்த்துவிட்டாள். ஒரு மனிதன் செத்துப்போகாமலே முடிந்துபோக முடியும் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

ஆகையால் பால் சங்கத்துக்காரன் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவள் முதலில் அண்ணன் முகத்தைத்தான் பார்த்தாள்.

"அடுத்த பருவத்துலருந்து கையால கறந்து கேன்ல ஊத்துற பால் எடுக்க மாட்டோம்க்கா. மெஷின் கறவை, உடனே குளிர வைக்கிற டேங்க். ரெண்டும் இருந்தா வண்டி வரும், இல்லேன்னா வராது. நான் என்ன செய்ய, மேலிடத்து முடிவு."

பாக்கீஸ் உதட்டை அசைத்தார். அவன் பொனாரியாவைப் பார்த்தான்.

"கையால கறந்தா கசக்குதான்னு கேக்குறார்."

"கசக்காதுண்ணே. கசக்குதுன்னு யாரு சொன்னா? ஆனா வாங்க மாட்டாங்க."

கறவை மெஷினும் டேங்கும் டிரெய்லரில் ஏற்றிவைத்து, மந்தை எங்கே இருக்கிறதோ அங்கே இழுத்துப் போக வேண்டும். அந்தக் கனத்தை இழுத்துக்கொண்டு மேடேறப் பழைய ஜீப்புக்குத் தெம்பில்லை. ஆகவே வண்டியும் வேண்டும். சின்னப் பண்ணைகளுக்கு என்று அரசாங்க உதவி ஒன்று இருந்தது. மூன்றையும் சேர்த்தே தருவார்கள். ஒரே நிபந்தனை, பழைய வண்டியைக் காயலான் கிடங்கில் உடைத்துவிட வேண்டும். பொனாரியாதான் நகரத்துக்கும் ஊருக்கும் அலைந்து எல்லாவற்றையும் முடித்தாள். வேறு வழி இருந்ததா என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டுக்கொண்டாள். இருந்ததாகத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தவறான வழியைத் தேர்ந்தெடுத்தவனுக்குச் சரியான வழி ஒன்று இருந்தது என்ற ஆறுதலாவது மிஞ்சும்.

கிடங்குக்கு ஜீப்பைப் பாக்கீஸே ஓட்டினார். வழியில் வழக்கமான வளைவில் அவர் ஹாரன் அடிக்காததைப் பொனாரியா கவனித்தாள். பிறகுதான் அவர் காலடியில் கிடந்த ஆட்டுத்தோல் மூட்டை கண்ணில் பட்டது.

"அது என்னண்ணே?"

அவர் காலால் அதை உள்ளே தள்ளினார். அவள் குனிந்து எடுத்துப் பிரித்தாள். உள்ளே ஹாரன், ஒயரோடு.

"இதை எதுக்குக் கழட்டுனே?"

புது வண்டில மாட்டிக்கலாம், என்றன உதடுகள்.

"முழு வண்டியா ஒப்படைக்கிறோம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்ணே. நாளைக்கு எவனாவது வந்து ஒண்ணு குறையுதுன்னு சொன்னா மூணும் போயிடும். அப்புறம் ஆட்டை வித்துட்டு ரெண்டு பேரும் மதுக்கடையில உக்காந்து ஈ ஓட்ட வேண்டியதுதான்."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"எனக்காக. மாட்டிடு."

அந்த மலைக்காரர்கள் ஓநாய்க்குப் பயந்ததில்லை, கள்ளனுக்குப் பயந்ததில்லை. ஆனால் முத்திரை குத்திய காகிதம் ஒன்று வீட்டுக்கு வந்தால் நெஞ்சு அடைத்துக்கொள்ளும். பல தலைமுறையாகக் கடலுக்கு அப்பாலிருந்து வந்தவன் எவனோ ஒருவன் எழுதிய எழுத்துக்குக் கட்டுப்பட்டவர்கள். சந்தேகம் வந்தால், கேட்டதற்கு மேல் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது அவர்கள் ரத்தத்தில் ஊறியது. பொனாரியாவும் அந்த ரத்தம்தான். பாக்கீஸ் இறங்கி, சாலையோரத்தில் மண்டியிட்டு, ஹாரனைப் பழைய இடத்திலேயே முடுக்கினார்.

கிடங்குக்காரன் சாண்ட்விச் தின்றுகொண்டே வந்தான். நம்பர் பலகையைப் பார்த்தான், எஞ்சினில் வெட்டியிருந்த எண்ணைப் பார்த்தான், சுண்ணாம்புக் கட்டியால் கதவில் ஒரு பெருக்கல் குறி போட்டான். அவ்வளவுதான். ஹாரனை அவன் பார்க்கவே இல்லை.

புதிய பிக்கப் வெள்ளை நிறம். எஞ்சின் ஓடுகிறதா என்று குனிந்து கேட்க வேண்டும். முதல் நாள் சாயங்காலம் பாக்கீஸ் மேட்டில் நிறுத்தி மூன்று தட்டு தட்டினார். தெளிவான, பணிவான ஓசை. கடையில் நுழையும்போது கதவில் கட்டியிருக்கும் மணியைப்போல. ஆடுகள் தலை தூக்கிப் பார்த்தன. மூரினா கொஞ்ச நேரம் அப்படியே நின்று பார்த்துவிட்டுத் திரும்பி எதிர்த்திசையில் நடந்தது. மற்றவையும் அதன் பின்னால் போயின.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிரோமினுவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வரி ஆபீசர் வந்துட்டான்னு நெனச்சுக்கிச்சுங்கடா பாக்கீஸ்! வெள்ள வண்டின்னா வேற யாரு வருவா? நீ தொப்பியக் கழட்டிட்டு இறங்கு, மூஞ்சியப் பாக்கட்டும்."

பாக்கீஸ் சிரிக்கவில்லை. நாய் பிபெரேயை அனுப்பி மந்தையை வளைத்துக்கொண்டுவரச் செய்தார். மறுநாளும் அப்படித்தான், அதற்கு அடுத்த நாளும் அப்படித்தான். நாயை வைத்து ஓட்டிக்கொண்டுவந்த ஆடு ஓடி வந்த ஆடு இல்லை. பால் குறைந்தது.

பொனாரியாதான் பார்லி யோசனை சொன்னாள். ஹாரன் அடித்ததும் தொட்டியில் பார்லி கொட்டுவது. ஹாரன், பார்லி, ஹாரன், பார்லி. குளிர்காலம் முடிவதற்குள் ஆடுகள் பழகிவிட்டன. முதலில் குட்டிகள், பிறகு இளசுகள், கடைசியில் வேண்டாவெறுப்பாக மூரினா. மெஷினும் மோசம் என்று சொல்லிவிட முடியாது. பொனாரியாவின் விரல்களில் வருஷக்கணக்காக இருந்த மரமரப்பு குறைந்தது. ராத்திரி கை வலித்து எழுந்துகொள்வது நின்றது. பால் வண்டி நேரத்துக்கு வந்து, நேரத்துக்குப் போனது. மந்தை அண்ணன் கையில் இருந்தது. நினைத்தது நடந்துவிட்டது என்று அவள் நம்பத் தொடங்கிய வசந்தம் அது.

ஒருநாள் தொட்டியில் முட்டி மோதும் ஆடுகளைப் பார்த்தபடி பாக்கீஸ் அவள் பக்கம் திரும்பி உதட்டை அசைத்தார்.

பார்லிக்குத்தான் வருதுங்க.

"வந்தா சரிண்ணே. எதுக்கு வந்தா என்ன?"

ஆடுகள் தின்று முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வர்றது வேற, கூப்பிட்டா வர்றது வேற, என்றார். அவள் தொட்டியைக் கவிழ்த்து மிச்சத் தூசியைத் தட்டினாள்.

ஜூலையில் பால் வற்ற வைக்கும் காலம் வந்தது. அடுத்த ஈற்றுக்கு ஆடுகள் உடம்பு தேற வேண்டுமென்றால் கறவையை நிறுத்த வேண்டும், கறவையை நிறுத்த மடி சுருங்க வேண்டும், அதற்குச் சத்துத் தீவனத்தைக் குறைக்க வேண்டும். எல்லா மேய்ச்சல்காரர்களும் செய்வதுதான். அவர்களும் பார்லியை நிறுத்தினார்கள். ஹாரனை நிறுத்தவில்லை. காலையிலும் மாலையிலும் மந்தையைக் கூப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? முதல் நாள் ஆடுகள் ஓடி வந்து காலித் தொட்டியை நக்கின. அடுத்தடுத்த நாட்களில் பாதி தூரம் வந்து நின்றன. வாரம் முடிவதற்குள் ஹாரன் என்பது வெறும் ஹாரன் என்று கண்டுகொண்டன. பிபெரே இருக்கிறதே என்று இருவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெயில் தணிந்து, மழை வந்து, ஆடுகள் ஈன்று, மறுபடி பார்லி போட ஆரம்பித்தால் சரியாகிவிடும்.

அன்றைக்கு நடுப்பகல். மேட்டுச் சாலையோரத்தில் நிறுத்தியிருந்த டேங்கைப் பொனாரியா கடைசித் தடவையாகக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்தே காற்று பிசாசு பிடித்ததுபோல வீசிக்கொண்டிருந்தது. ஓடைக்கு அப்பாலிருக்கும் முகட்டின் பின்னால் பழுப்பாக ஒன்று எழும்பியது. முதலில் அவள் தூசி என்று நினைத்தாள். பிறகு வாசனை வந்தது.

"அண்ணே!"

பாக்கீஸ் அதற்குள் பார்த்துவிட்டார்.

மந்தை சரிவின் அடியில், ஓடையோரத்துத் தக்கை மரங்களின் கீழ் இருந்தது. வெயில் நேரத்தில் செம்மறிகள் அப்படித்தான் ஒன்றன் வயிற்றுக்கடியில் ஒன்று தலையை நுழைத்து, ஒரே உடம்பாக ஒட்டி நிற்கும். அந்த நேரத்தில் அவற்றை அசைக்கக் கடவுளாலும் ஆகாது என்று மேய்ச்சல்காரர்கள் அலுத்துக்கொள்வார்கள். மேலே கல்சுவரின் கதவு. கதவுக்கு வெளியே சாலை, சாலைக்கு அப்பால் உழுதுபோட்ட வெற்று நிலம். அங்கே எரிய ஒன்றுமில்லை. மந்தை சரிவில் ஏறி வந்துவிட்டால் போதும். தினமும் இரண்டு வேளை ஏறுகிற சரிவுதான்.

பொனாரியா கதவை விரியத் திறந்து பிடித்துக்கொண்டாள். பாக்கீஸ் பிக்கப்பைச் சரிவின் பாதிவரை இறக்கி நிறுத்தி ஹாரனை அழுத்தினார். மூன்று தட்டு. மறுபடி மூன்று. பிறகு எடுக்காமல் அழுத்தினார். அந்தத் தெளிவான, பணிவான ஓசை காற்றில் நேராக அவள் காதுக்கு வந்தது. மந்தை விரிந்தது, தலைகள் வெளியே வந்தன. மூரினா பிக்கப்பைப் பார்த்தது. ஓடைக்கு அப்பால் நெருப்பு முகட்டைத் தாண்டி, காய்ந்த புல்லில் கால் வைத்தது. மூரினா திரும்பிக் கீழ்மூலையில், சுவரும் சுவரும் சேரும் இடத்தை நோக்கி ஓடியது. மந்தை மொத்தமும் அதன் பின்னால் போய் அந்த மூலையில் நெருக்கியடித்து நின்றது.

"மூரினா! வா... வா இங்க... தே, தே, தே!" பொனாரியா கத்தினாள். அவள் குரல் ஆடுகளுக்குப் பழக்கமில்லாதது. அவள் எந்நாளும் கூப்பிட்டவள் இல்லை, கறந்தவள்.

பிபெரே பாய்ந்து கீழே போய் ஓரத்தில் நின்ற சில குட்டிகளைப் பிரித்து மேலே விரட்டியது. அடுத்த தடவை போகத் திரும்பிப் பாதியில் நின்று ஊளையிட்டது. பாக்கீஸ் வண்டியிலிருந்து இறங்கி, கழுத்துத் துளையை ஈரத் துணியால் பொத்திக்கொண்டு புகைக்குள் ஓடுவதை அவள் பார்த்தாள். ஓர் இடத்தில் நின்று வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் இல்லை. பழைய ஜீப்பை அவள் அந்தக் கணத்தில் நினைத்தாள் என்று சொல்வது அழகாக இருக்கும், ஆனால் நினைக்கவில்லை. "வாண்ணே, வந்துடுண்ணே" என்று அலறுவதற்குத்தான் மூச்சு இருந்தது. நினைப்பெல்லாம் பிறகு வந்தது. வந்தது போகவே இல்லை.

சிரோமினு எங்கிருந்தோ ஓடி வந்து அவளைத் தாண்டிச் சரிவில் இறங்கினான். பாக்கீஸை இடுப்போடு கட்டித் தூக்கி வந்து பிக்கப்பில் திணித்து, அவனே ஓட்டி மேலே கொண்டுவந்தான். பாக்கீஸ் அவன் தாடையில் ஓங்கிக் குத்தியிருந்தார். சிரோமினு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, பிற்பாடும் பேசவில்லை.

நெருப்பு ஓடையைத் தாண்டி, மூலையைத் தாண்டி, பக்கவாட்டில் போய்விட்டது. ஒரு கோழியைச் சுத்தம் செய்கிற நேரம்கூட ஆகவில்லை. அதற்குப் பிறகு கீழேயிருந்து ஒரே ஒரு மணி கேட்டது, விட்டு விட்டு. சிரோமினு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு தனியாக இறங்கிப் போனான். மணி நின்றது.

பிபெரே ஓட்டி வந்த குட்டிகளைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. மேட்டில் வெள்ளை பிக்கப், கறவை மெஷின், பாதி கழுவிய டேங்க், புதிதாக வந்த மூன்றும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன.

இரண்டு ஞாயிறு கழித்து, காலைப் பூசை முடிந்ததும் வண்டிகள் வரத் தொடங்கின. யாரும் சொல்லியனுப்பவில்லை. அந்த மலையில் ஒருவன் மந்தை அழிந்தால் மற்ற ஒவ்வொருவனும் தன் மந்தையிலிருந்து ஓர் ஆட்டைக் கொண்டுவந்து விடுவான். கிழடு, நோஞ்சான் கூடாது, தான் விரும்பி வளர்த்தது எதுவோ அதைத்தான் விட வேண்டும். வாங்குகிறவன் நன்றி சொல்லக்கூடாது, வேண்டாம் என்றும் சொல்லக்கூடாது. பாக்கீஸே எத்தனையோ பேருக்கு அப்படி விட்டிருக்கிறார். வண்டி வந்து நிற்கும், கதவு திறக்கும், ஆடு இறங்கும், கைகுலுக்கல், வண்டி போகும்.

சிரோமினு தன் மூன்று சக்கர வண்டியிலிருந்து கறுப்புக் காது ஆடு ஒன்றைத் தூக்கி இறக்கினான்.

"ஓயாம கத்தும் இது. உனக்கும் சேத்து இதே பேசிக்கட்டும்னு கொண்டாந்தேன்."

பாக்கீஸ் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். விட மறந்ததுபோல நெடுநேரம் பிடித்திருந்தார்.

மத்தியானத்துக்குள் கரிந்த சரிவுக்கு மேலே, நெருப்பு தொடாத மேட்டுத் துண்டில் மறுபடியும் ஒரு மந்தை நின்றது. பொனாரியா மேட்டிலிருந்த பட்டிக் குடிசைக்குள் போய், ரொட்டி மாவில் கை வைத்தபடி, தீப்பிடித்த நாளுக்குப் பிறகு முதல்முறையாக அழுதாள். போனது போகட்டும், அண்ணன் கையில் மந்தை இருக்கிறது.

சாயங்காலம் வெளியே வந்தபோது பாக்கீஸ் சுவரோரம் நின்றிருந்தார். ஆடுகள் ஒன்றாக இல்லை. காலையில் எது எங்கே இறங்கியதோ ஏறக்குறைய அங்கேயே, ஒன்றையொன்று பார்க்காமல் நின்றன. காதில் வெவ்வேறு வெட்டு, கழுத்தில் வெவ்வேறு ஓசையுள்ள மணி. அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

சாலையில் சிரோமினுவின் மூன்று சக்கர வண்டி டபடபவென்று போனது. கறுப்புக் காது ஆடு தலையைத் தூக்கியது. கத்திக்கொண்டே ஓடி வந்து சுவரில் முன்னங்காலைத் தூக்கி வைத்து, வண்டி வளைவில் மறையும்வரை கத்தியது. கொஞ்ச நேரத்தில் வேறொருவனின் டிராக்டர் போனது. தூரத்தில் நின்ற இன்னொரு ஆடு அதே மாதிரி ஓடி வந்தது. பிறகு ஒரு வேன், அதற்கு ஓர் ஆடு. இருட்டும்வரை அது நடந்தது. ஊரில் உள்ள ஒவ்வொரு வண்டிக்கும் இந்த மந்தையில் ஓர் ஆடு இருந்தது.

"பழகிடும்ணே. பார்லி போட்டா ஒரே மாசம்."

பாக்கீஸ் பையிலிருந்து பிக்கப் சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார்.

நீயே கூப்பிடு.

"இது என்னண்ணே, நான் எங்க..."

கூப்பிட்டா வரட்டும். போதும்.

இலையுதிர்காலம் முழுவதும் அவள் கூப்பிட்டாள். ஹாரன், பார்லி, ஹாரன், பார்லி. ஆடுகள் பழகின. எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே பழகின. ஆடுகள் மறப்பதைக் குற்றமாகச் சொல்ல முடியாது, மறக்கத் தெரியாத ஆடு பிழைக்காது. சிரோமினுவின் வண்டிக்குக் கறுப்புக் காது கடைசியாகத் தலை தூக்கியது எந்த நாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஈற்று தொடங்கியது. பால் வண்டி மறுபடி வரத் தொடங்கியது. மெஷினுக்கு எந்த ஆட்டின் மடியாக இருந்தாலும் ஒன்றுதான்.

பாக்கீஸ் தினமும் அவளோடு வந்தார். ஆனால் கதவைத் தாண்டி உள்ளே வரமாட்டார். சாலையோரம் ஒரு கல்லில் உட்கார்ந்திருப்பார். சோறு தண்ணி குறையில்லை, சவரம் செய்துகொள்வார், கேட்டதற்குத் தலையசைப்பார். பார்க்கிறவர்கள் "தேறிட்டாருக்கா" என்று பொனாரியாவிடம் சொன்னார்கள். அவள் அவர்களுக்காகச் சிரித்தாள்.

காட்டுப்பன்றி வேட்டைக்காலம். ஒரு மாலை, வாடைக்காற்று. பொனாரியா தொட்டிகளைக் கழுவித் தயாராக வைத்துவிட்டு பிக்கப்பில் ஏறினாள். அப்போது கீழ்ச்சாலையிலிருந்து ஒரு படபடப்பு ஏறி வந்தது. சைலன்சர் ஓட்டையான ஏதோ பழைய ஜீப், சமவெளியிலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் யாராவது இருக்கும். வளைவில் அது ஹாரன் அடித்தது. அந்தக் கரகரப்பு.

பொனாரியா ஆடுகளைப் பார்த்தாள். ஒன்றும் நிமிரவில்லை. அந்த ஓசையை அறிந்த ஆடு அங்கே எதுவும் இல்லை.

கல்லிலிருந்து பாக்கீஸ் எழுந்துவிட்டிருந்தார். தலை நிமிர்ந்து, முகம் வளைவின் பக்கம். ஜீப் அவரைத் தாண்டிப் போனது, உள்ளே யாரோ உரக்கச் சிரித்தார்கள். அவர் அதன் பின்னால் சாலையில் நடந்தார். வேகமாகவே நடந்தார். படபடப்பு தேய்ந்து, முகட்டுக்கு அப்பால் போய், இல்லாமல் ஆனது. அவர் நடுச்சாலையில் நின்றார்.

அவள் "அண்ணே" என்று கூப்பிட்டாள். எதிர்க்காற்று. கேட்டிருக்காது. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலே கை ஹாரனுக்குப் போய் மூன்று தட்டு தட்டிவிட்டது.

ஆடுகள் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஓடி வந்தன. பிக்கப்பைச் சூழ்ந்துகொண்டு, கதவை முட்டிக்கொண்டு, ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்றன. அவளால் கதவைத் திறந்து இறங்க முடியவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தாள். அவர் அதே இடத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சத்தம் போன திசையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.